கணக்கில் வராத அறுபது பெட்டி

எங்கள் ஸ்டோர் அண்ணே திருடர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் "அப்ப, எடுத்து வெளிய வித்துட்டாரா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒட்டுகிற டேப்பில் ஒரு சுருளைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒளித்து வைப்பார். கம்பெனிச் சரக்கைக் கம்பெனிக் கூரைக்குள்ளேயே, கம்பெனிக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பார்.

சரக்கு என்றால் சோப்போ பிஸ்கட்டோ இல்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வார்கள். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு பை மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு வடித்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை, நான்கு பை. அந்தப் பைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, கிள்ளானில் இருக்கும் கிடங்கில் இறக்கி, லோரியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்கள் வேலை. ஒரு பெட்டியில் நான்கு பை இருக்கும். ஆக, ஒரு பெட்டி என்றால் ஒரு மனிதருக்கு ஒரு நாள்.

நான் மேல்மாடியில் ஸ்டாக் பிளானர். தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து, ஏர்கானில் உட்கார்ந்து, எத்தனை பெட்டி இருக்கிறது, எத்தனை போகும், எத்தனை வரவழைக்க வேண்டும் என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சொல்வேன். அவர் கீழே ஸ்டோரில் இருந்தார். எனக்கு அப்போது முப்பத்தொன்று, அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பதவியில் நான் மேலே. இதை நான் மறந்ததே இல்லை, அவர் நினைத்ததே இல்லை. நல்ல மனநிலையில் இருந்தால் என்னைத் 'தங்கச்சி' என்பார். என் மேல் கடுப்பாக இருந்தால் 'மேடம்'. பெரும்பாலும் மேடம்தான்.

காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டார். பெட்டி அடுக்குகளுக்கு நடுவே ஒரு நடை போவார். போகிற போக்கில் ஒவ்வொரு அடுக்கையும் புறங்கையால் தொடுவார், குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. நான் மேலிருந்து கத்துவேன், "அண்ணே, ஸ்கிரீன்ல நானூத்தி எட்டு காட்டுது, சரியா?" என்று.

"ஸ்கிரீன் சொன்னத ஸ்கிரீன்கிட்டயே கேட்டுக்குங்க மேடம். நான் தொட்டுப் பாத்துட்டு சொல்றேன்."

இன்னொன்று, அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வராது. நம் வீடுகளில் அரிசி தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டார்களே, அந்த மாதிரி. ஆனால் இவருக்கு எல்லாமே அரிசிதான். பிரிண்டர் மை, பேனா, கழிவறைக் காகிதம், எதைக் கேட்டாலும் "வருது" என்பார். எந்த அடுக்கையும் காலியாக விட மாட்டார். கடைசிப் பெட்டியை லோரியில் ஏற்றச் சொன்னால் கேட்காத மாதிரி நகர்ந்துவிடுவார். "ஒன்னு இருக்கட்டும்லா" என்று அவர் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பித்தம் தலைக்கேறும்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதமே எங்கள் முதல் சண்டை. கையிருப்பு எண்ணினேன். ஸ்கிரீனைவிடப் பதினோரு பெட்டி குறைந்தது. இரவெல்லாம் யார் எடுத்திருப்பார்கள், எப்படி அறிக்கை எழுதுவது என்று புரண்டு புரண்டு படுத்தேன். மறுநாள் மறுபடி எண்ணினால் பதினொன்றும் இருந்தது!

"நேத்து கண்ணாடி போடலியா மேடம்?" என்று கேட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பச்சைக் குழந்தை.

எப்படிச் செய்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. கண்டெய்னரைத் திறக்கும்போது எப்போதும் சில பெட்டிகள் மூலை நசுங்கி இருக்கும். அவற்றைச் 'சேதம்' என்று எழுதி ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி. அவர் எழுதி ஒதுக்குவார். பிறகு பிரித்து, உள்ளே இருக்கும் பைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, நல்லதை நல்ல பெட்டியில் மாற்றிக் கட்டிவிடுவார். அது பழுதான ஏர்கான்களுக்குப் பின்னால் போகும். அல்லது மாடிப்படிக்கு அடியில். ஸ்கிரீனுக்கு அந்தப் பெட்டிகள் செத்துப்போனவை. அவருக்கு மட்டும் அவை உயிரோடு இருந்தன. அன்று குறைந்த பதினொன்றை ராத்திரியோடு நிரப்பியதும் அவற்றிலிருந்துதான்.

"இது தப்புண்ணே. மருந்து சாமான். யாராச்சும் கேட்டா நான் என்னா பதில் சொல்றது?"

"தங்கச்சி, லோரி லேட்டானா கேட்ல நிக்கிற ஆள நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். காலைல எட்டு மணிக்கு நிக்க ஆரம்பிப்பாங்க. நம்மள திட்ட மாட்டாங்க. அதுதான் தாங்க முடியாது."

நான் அதுவரை ஒரு நோயாளி வீட்டுக்கும் போனதில்லை. எனக்கு அவர்கள் பெயர், முகவரி, மாதத்தில் எந்த நாள் அவர்கள் முறை என்பதோடு சரி. அவர் மாதத்தில் நான்கைந்து தடவை லோரியில் கூடவே போய்வருவார். போக வேண்டிய அவசியமே கிடையாது.

ஒரு சீனப் பெருநாள் சமயம். ஓட்டுநர்கள் பாதிப் பேர் லீவு, கண்டெய்னர் துறைமுகத்தில், எங்களுக்கு முப்பத்து நான்கு பெட்டி குறைந்தது. நான் கழிவறையில் போய் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அன்று அவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டார். நல்ல நேரம் பார்த்து லீவு போட்டாரே என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு வந்தார். மூன்று மணிக்கு என்னைக் கீழே கூப்பிட்டார். ஏற்றுமிடத்தில் முப்பத்து நான்கு பெட்டி வரிசையாக நின்றது.

"ஏதுண்ணே இவ்ளோ?"

"இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அடப்பாவி மனுஷா, இவ்வளவையா ஒளித்து வைத்திருந்தாய் என்று பயமாகவும் இருந்தது. அன்றிலிருந்து எனக்குள் ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. என்ன ஆனாலும் அண்ணேயிடம் இருக்கும்.

அதற்கடுத்த வருடம் ஆடிட்டர் ஒருவர் வந்தார். ஏர்கானுக்குப் பின்னால் குனிந்தார். நான்கு பெட்டிகளை வெளியே இழுத்தார். நான்கும் அடுத்த மாதம் காலாவதி ஆக வேண்டியவை. காலாவதியான பை ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்வி.

எச்சரிக்கைக் கடிதத்தை நான்தான் டைப் செய்தேன். அவர் அதை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கையெழுத்துப் போட்டார். "இனிமே செய்ய மாட்டேன் மேடம்" என்றார்.

நான் நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்களா? குடிப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்கிற ஆளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். இன்னும் சாமர்த்தியமாக எங்கேயாவது வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கிடங்கில் சரக்கு அதிகமாகத் தேங்குகிறது, குறையுங்கள் என்று. எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு உத்தரவு வரும். அவசரத்துக்கு என்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்போம். அதிலிருந்துதான் வெட்ட வேண்டும். வெட்டினால் எந்த வீட்டுக்காவது குறையும். ஆனால் என்னிடம்தான் ஒரு ரகசியம் இருக்கிறதே! என் சொந்த நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் 'அண்ணே – 60' என்று எழுதினேன். ஏன் அறுபது? சீனப் பெருநாளுக்கு முப்பத்து நான்கு எடுத்தார், ஆடிட்டர் நான்கு பிடித்தார், அப்படியானால் குத்துமதிப்பாக அறுபதாவது இருக்கும். இதுதான் என் கணக்கு. பட்டம் வாங்கிய பிளானரின் கணக்கு. அடுத்த ஆர்டரில் அறுபது பெட்டியைக் குறைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் குறைந்த சரக்கு வந்து தீர்கிற நேரத்தில், அதற்கடுத்த ஆர்டர் வந்த கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஏஜென்ட் போனில் சொன்னார், துறைமுகத்தில் கப்பலை நிறுத்த இடம் கிடைக்கவில்லை, வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, வெள்ளிக்கிழமை கண்டெய்னர் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன் என்று. பன்னிரண்டு வீடுகளில் வியாழனும் வெள்ளியுமாகப் பெட்டி தீர்கிறது. வெள்ளிக்கிழமையை எந்தப் பிளானரும் நம்ப மாட்டாள். அடுத்த வாரத் தொடக்கம் வரைக்கும் தாங்க வேண்டும், வீட்டுக்கு ஐந்து பெட்டி. பன்னிரண்டு ஐந்து அறுபது. நோட்டைத் திறந்தேன். அறுபதுக்கு அறுபது. எனக்குச் சிரிப்புகூட வந்தது.

புதன்கிழமை காலை கீழே போனேன். மற்றவர்கள் தேநீருக்குப் போயிருந்தார்கள். ஸ்டோர் கதவைச் சாத்தினேன்.

"அண்ணே, எடுங்க."

"எதை மேடம்?"

"விளையாடாதீங்கண்ணே. ஆடிட்டரும் இல்ல, யாரும் இல்ல. நான் வாயே திறக்க மாட்டேன். அறுபது பெட்டி வேணும்."

அவர் டார்ச்சை எடுத்தார். பிறகு "வாங்க" என்று முன்னால் நடந்தார். ஏர்கான்களுக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய தரை. மாடிப்படிக்கு அடியில் ஒரு வாளியும் துடைப்பமும். பழைய மரப்பலகை அடுக்குகளுக்கு நடுவே கையை விட்டு, அந்தப் பக்கம் விரலை ஆட்டிக் காட்டினார்.

"இல்ல," என்றார்.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். நான் மரப்பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? கையெழுத்துப் போட்டேன்ல?"

"போட்டீங்கண்ணே. ஆனா உண்மையாவே நிப்பாட்டிருவீங்கன்னு நான் நினைக்கலியே!"

"அப்புறம் எதுக்கு எழுதினீங்க?"

நான் நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து விரித்தேன்.

மற்றக் கம்பெனிகளிடம் கேட்கலாமே என்பீர்கள். அவர்கள் பை எங்கள் குழாயில் பொருந்தாது. இருந்த ஒரே வழி, போன வாரம் சரக்கு வாங்கிய வீடுகளிடம் கடனாகக் கேட்பதுதான். ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். "கூடுதலா பெட்டி இருக்கா?" என்றால் ஒரே பாட்டு, "இல்லியேமா, ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு." முப்பது பெட்டி கொடுத்து ஆறு நாள் ஆன வீட்டில் இரண்டு நாளைக்குத்தானாம்! அண்ணே நான் போனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிரித்தார்.

"எல்லாரும் நம்ம ஆளுங்கதான்லா. போன்ல கேட்டா யாரு சொல்லுவா? வாங்க, நேர்ல போவோம்."

அந்த இரண்டு நாள் வேன் பயணத்தில்தான் அவரை நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கேரி தீவில் செம்பனைத் தோட்டத்து வீடு ஒன்றில் முதலில் நின்றோம். அவர் பெட்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார், கோப்பி வாங்கிக் குடித்தார், வயிற்றில் குழாய் நுழையும் இடத்துப் புண் ஆறிவிட்டதா என்று அந்த வீட்டுக்காரரைக் கேட்டார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொஸ், ஒரு வீட்டுல நாளைக்கு தீந்துரும். சின்னப் புள்ளைங்க இருக்கற வீடு" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார். காலையில் போனில் என்னிடம் இரண்டு நாளைக்குத்தான் என்றாரே, அதே மனிதர்தான். அண்ணே ஒரு துண்டுச் சீட்டில் 'ஆறு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

டெங்கிலில் ஒருவர் கம்பிக் கதவைத் திறக்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் திரை விலகிய இடத்தில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது தெரிந்தது. "எனக்கே இல்ல, போங்க" என்றார். வேனில் ஏறியதும் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். என்ன மனிதர், கண் எதிரே வைத்துக்கொண்டு பொய் சொல்கிறாரே என்று.

"திட்டாதீங்க தங்கச்சி. பயந்த ஆளு. நானும் அதானே செஞ்சேன்?"

வேன் ஓட்டும்போது அவர் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். பாட்டு இல்லை, எண்ணிக்கை. பின்னால் எத்தனை, இன்னும் எத்தனை. மதியச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓட்டிப் போனார். தூரத்தில் ஏழெட்டுக் கப்பல்கள் அசையாமல் நின்றன. எது நம்முடையது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்களிடம் ஐம்பத்தேழு பெட்டி சேர்ந்திருந்தது. மூன்று குறைந்தது. பண்டமாரானில் ஒரு ஆன்டி வீட்டுக்குப் போனோம். ரவிக்கை தைக்கிறவர், மகள் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. ஆன்டிக்குச் சரக்கு போக வேண்டிய முறையே மறுநாள் வெள்ளிக்கிழமைதான். சரக்கு வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வந்துவிடும் என்று நான்தான் செவ்வாய்க்கிழமை போன் பண்ணிச் சொல்லியிருந்தேன். ஏஜென்ட் சொன்ன 'நினைக்கிறேன்' என்பதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் 'கண்டிப்பாக' என்று போட்டுக்கொண்டது நான்தான். பதறுகிறவர்களிடம் வேறு எப்படிப் பேசுவது என்று அப்போது நினைத்தேன்.

ஆன்டி எங்களுக்கு ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். "நான்தான் அளந்து அளந்து குடிக்கணும். நீங்களாச்சும் வயிறு முட்டக் குடிங்க. எனக்குப் பாக்கவாவது குடுத்து வெச்சிருக்குல்ல" என்று சிரித்தார்.

அண்ணே வழக்கம்போல மெதுவாக ஆரம்பித்தார். மூன்று குறைகிறது என்று சொன்னதுமே ஆன்டி தையல் மேஜைக்கு அடியைக் காட்டினார். "நாளைக்கு வேண்டியது போக மூணு இருக்கு. எடுத்துக்குங்க."

"அப்ப உங்களுக்கு, ஆன்டி?"

"எனக்குத்தான் நாளைக்கே வந்துருமே. இந்தப் புள்ள சொல்லுச்சே, கண்டிப்பா வரும்னு."

அண்ணே என்னைத் திரும்பிப் பார்த்தார். "வந்துருமா தங்கச்சி?"

வரும் என்றும் நான் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். என் கண் அந்த மூன்று பெட்டிகள் மேல் இருந்தது. ஐம்பத்தேழும் மூன்றும் அறுபது. அவர் சீட்டில் 'மூன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையும் வெள்ளிக் காலையுமாக அறுபது பெட்டியும் பன்னிரண்டு வீடுகளுக்குப் போய்விட்டது. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஏஜென்ட் கூப்பிட்டார். கப்பல் உள்ளே வந்துவிட்டது, ஆனால் எங்கள் கண்டெய்னர் மற்றக் கண்டெய்னர்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது.

ஆன்டிக்குப் போன் பண்ண எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் தையல் மெஷின் சத்தம் நின்றது. "பரவால்லமா. ரெண்டு பை மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கேன். ஓட்டிக்குவேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் ஆன்டி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு வீட்டில் ஏதாவது மூன்று வீட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். அவர் குரலில் கோபம் இல்லை என்கிற நிம்மதியில் போனை வைத்துவிட்டேன். அண்ணே கேட்டபோது, "பேசிட்டேண்ணே, ஆன்டி ஓகேதான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் யாரும் சொல்லாமல் தானாகவே பண்டமாரானுக்குப் போயிருக்கிறார். ஆன்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று விடிய விடிய உட்கார்ந்தே இருந்திருக்கிறார். மகள் ஷிஃப்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அண்ணே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். மேடம் என்றும் கூப்பிடவில்லை, தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை.

"ரெண்டு பை ஒரு நாளைக்குப் பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பிரிக்பீல்ட்ஸிலிருந்து எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று எனக்கு நினைவில்லை. வார்டு வாசலிலேயே நின்றேன். ஆன்டிக்குச் சிகிச்சை ஆரம்பித்துவிட்டது, ஆபத்து இல்லை என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் கட்டிலருகே போனேன். அண்ணே கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"கண்டெய்னர் நாளைக்கு வந்துருமாமா?" என்று ஆன்டி கேட்டார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"தெரியல ஆன்டி," என்றேன். "அன்னைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கண்டிப்பான்னு சொன்னேன்."

"அதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லமா?"

"சொல்லிருந்தா நீங்க பெட்டி குடுத்திருக்க மாட்டீங்க."

ஆன்டி விரல்விட்டு எண்ணினார். "குடுத்திருப்பேன்" என்றார். "மூணு குடுத்திருக்க மாட்டேன். ரெண்டு குடுத்திருப்பேன்."

நான் வெளியே ஓடிவந்துவிட்டேன். நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். அண்ணே பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நோட்டில் எழுதியதை, அவர் பெயரை நம்பி ஆர்டரைக் குறைத்ததை, கடிதத்தையும் கொடுத்துவிட்டு அவர் ஒளித்து வைப்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததை.

"எத்தனை போட்டீங்க என் பேர்ல?"

"அறுபது."

"அறுபதா?" அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "அலாமாக்! என்கிட்ட எப்பவுமே பத்து, பன்னண்டுக்கு மேல இருந்ததில்லியே தங்கச்சி. ஒடுங்குன பெட்டி மாசத்துக்கு எத்தனை வந்துரும்?"

"அப்ப சீனப் பெருநாளுக்கு? முப்பத்தி நாலு பெட்டி எடுத்துக் குடுத்தீங்களே?"

"என்னோடது ஒம்போதுதான். மிச்சத்த அரை நாள் லீவு போட்டு, இதே மாதிரி வீடு வீடாப் போயி கேட்டு வாங்கினேன். கடன் வாங்கறதுன்னு சொன்னா நீங்க விடுவீங்களா? அதான் இருந்துச்சுன்னேன்."

அவர் வார்டுக் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்குள் ஆன்டி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"பண்டமாரானுக்குத்தான் அப்பவும் கடைசியா போவேன். எத்தன குறைஞ்சாலும் இவங்க குடுத்துருவாங்க" என்றார். "நீங்க அறுபதுன்னு எழுதி வெச்சீங்களே, அது நான் இல்ல தங்கச்சி. இவங்கதான்."